வேப்பமரத்தடியில் ஊற்றாதே

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் வீட்டிலும் ஒரே சந்தோஷம். ஒரு வாரம் முன்பே வந்துவிடுகிறேன். சமையல்காரரிடம் சண்டை போட ஆள் வேண்டுமே!

ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. உன் பெட்ரோல் பங்க் டேங்க்கின் அடியில் தேங்கிய தண்ணீரை எடுத்து வேப்பமரத்தடியில் ஊற்றச் சொல்வதாக. அது தண்ணீர் இல்லை, செல்வம். 20 சதவீதம் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தாங்கும். அளவு மீறினால் ஆல்கஹால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு போய் அடியில் உட்கார்ந்துகொள்ளும். போகும்போது பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற நச்சுப் பொருளையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஹாஸ்டலில் அந்துருண்டையைப் பொடித்து ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில், கரைத்தோமே, நினைவிருக்கிறதா? அதைத் தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெளுத்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லிகிராம் அளவுக்குத்தான் அந்துருண்டை கரையும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால் அந்துருண்டை, பென்சீன் போன்ற எண்ணெய்ச் சாதிக்கு உள்ளே இடம் கிடையாது. ஆல்கஹால் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. அதுவும் கூட்டல் கணக்கில் இல்லை, பெருக்கல் கணக்கில்: 10 சதவீத ஆல்கஹாலுக்கு இரண்டு மடங்கு கரையும் என்றால் 20க்கு நான்கு, 30க்கு எட்டு. ஒன்றிரண்டு சதவீதம் இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. உன் டேங்க்கின் அடியில் இருப்பதிலோ பாதிக்கு மேலேயே ஆல்கஹால் இருக்கலாம்.

மண்ணுக்குள் போய் நிலத்தடி நீரில் கலந்தால் நீர்த்துப்போகும், அப்போது கரைக்கும் பலமும் குறையும் என்பது உண்மைதான். அங்கேதான் இன்னொரு தொல்லை. மண்ணிலுள்ள பாக்டீரியா பென்சீனையும் தின்னும். ஆனால் ஆல்கஹால் கிடைத்தால் முதலில் அதைத்தான் தின்னும். தின்று முடிப்பதற்குள் நிலத்தடி நீரிலிருக்கும் ஆக்ஸிஜனும் தீர்ந்துவிடும். பென்சீன் தீண்டுவாரில்லாமல் அதிக தூரம் நகர்ந்து போகும். குடிநீரில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

இனி அதை மூடி போட்ட டிரம்மில் தனியாகப் பிடித்து வை. பக்கத்தில் பீடி பிடிக்க விடாதே, நன்றாகத் தீப்பிடிக்கும். கழிவாக எடுத்துப்போக அனுமதி உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அப்புறம், எத்தனை மாதமாக ஊற்றுகிறார்கள், மரத்துக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி தூரம் என்று உடனே எழுது. கல்யாணச் சமையலுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தானே?

அன்புடன்,
ரகு