ஏரி மீன் வளர்ப்பு: ஞாயிறு காலை கூட்டம்

அனைவருக்கும் வணக்கம். நேற்று விடியற்காலை நம்ம ஏரி மதகுப் பக்கம் கட்லா மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. ராத்திரி பாசியும் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியலில்தான் அது மிகக் குறைவு. 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததை மறக்க முடியுமா?

ஞாயிறு காலை 7 மணி, படித்துறை அருகே கூடுவோம்.

1. குத்தகைக்காரரும் வருகிறார். எவ்வளவு குஞ்சு விடுவது, எப்போது வலை வீசக்கூடாது என்று சேர்ந்தே முடிவெடுப்போம்.
2. ஆப்பிரிக்கக் கெளுத்தி வேண்டவே வேண்டாம். தடை செய்யப்பட்ட மீன், மற்ற மீன்களைத் தின்றுவிடும்.
3. உங்கள் தெருக் கழிவுநீர் மழைநீர்க் கால்வாயில் கலந்தால் போட்டோ எடுத்து வாருங்கள். எனக்கு இதுதான் முக்கியம்.

வீட்டுக்கு ஒருவராவது வாங்க. சனி இரவுக்குள் "வருகிறேன்" என்று பதில் போடுங்கள்.