அக்கறையில்லாத ஊர்மக்களில் ஒருவன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்வடிப்பகுதி (பெய்த மழை வடிந்து ஒரே ஓடைக்கு வந்து சேரும் நிலம்) மேம்பாட்டுத் திட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், படங்களும் பளிச்சென்று இருந்தன. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: ‘பராமரிப்பில் ஊர்மக்கள் அக்கறை காட்டாததால் பல கட்டுமானங்கள் வீணாகிவிட்டன.’ வேறு பத்திரிகையில் வந்திருந்தால் மடித்து வைத்துவிட்டுப் போயிருப்பேன். உங்கள் பத்திரிகையில் வந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஓடையில் அந்தத் திட்டத்தில் கட்டிய தடுப்பணை ஒன்று இருக்கிறது. மேட்டில் ஆரம்பித்துப் பள்ளத்துக்கு வர வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் அரிச்சுவடி. முதலில் கரட்டுச் சரிவில் சம உயர வரப்பு, கல் தடுப்பு, மரம். கடைசியில்தான் ஓடையில் அணை. உங்களுக்குத் தெரியாததா? எங்கள் ஊரில் சிமெண்ட் லாரி போகிற இடத்தில் வேலை ஆரம்பித்தது. கரட்டுக்கு லாரி போகாது, அதனால் கரட்டில் வேலையும் இல்லை. மழை பெய்ததும் சரிவிலிருந்த மண் அப்படியே இறங்கி அணையை விளிம்புவரை மேடாக்கியது. அடுத்த மழைக்கு ஓடைத் தண்ணீர் அணைப்பக்கமே வராமல் இடது கரையை அறுத்துக்கொண்டு பக்கத்துப் புஞ்சை வழியாகப் போய்விட்டது. அணை மட்டும் விரிசல் விடாமல் நிற்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மதிப்பீட்டுத் தொகை எழுதிய பலகையும் நிற்கிறது. இதில் நாங்கள் எதைப் பராமரித்திருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் சொன்னால், நாளைக்கே மண்வெட்டியோடு போகிறேன்.

இந்தக் குற்றச்சாட்டு ஒன்றும் புதிதில்லை. குளம், கால்வாய் மராமத்து வேலைக்கு வராத குடியானவனிடம் தண்டம் வாங்க 1858லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டார்கள். தீர்வை சர்க்காருக்கு, மண் சுமப்பது ஊருக்கு. அப்புறம் 2000ல், பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கலாம் என்று ஒரு சட்டம். தேர்தல் நடத்தினோம், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் வைத்தோம். சங்கத் தலைவரின் கையெழுத்து அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டது, யோசனை தேவைப்படவில்லை. எங்கள் கண்மாயின் கலிங்கை, அதாவது மிச்சத் தண்ணீர் வழியும் இடத்தை, எவ்வளவு உயர்த்தலாம் என்று, தண்ணீர் திறந்து பாய்ச்சும் எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கலிங்கில் வழிந்து எங்கள் மறுகாலில் ஓடும் தண்ணீர்தான் கீழூர்க் கண்மாய்க்கு வரத்து. கலிங்கை உயர்த்தினால் அவர்களுக்குத் தண்ணீர் குறையும், எங்கள் கரைக்கும் ஆபத்து. கேட்காமல் உயர்த்தினார்கள். கீழூர்க்காரர்கள் எங்களோடு சண்டைக்கு வந்தார்கள். அதிகாரியோடு யார் சண்டை போடுவது?

வெள்ளத் தடுப்பு என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்த மழைக்கு எந்தப் பண்ணைக்குட்டையும் தாங்காது, சரி. ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தில் எத்தனை குளங்கள் உடைந்தன! மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் அத்தனையும் கீழ்க்குளத்தின் தலையில்தான் விழும். தண்ணீர் வரும் வரத்துக்காலும் வெளியேறும் மறுகாலும் சுத்தமாக இருந்தால்தானே குளம் வெள்ளத்தை வாங்கி அனுப்பும்? எங்கள் வரத்துக்காலின் குறுக்கே ரோடு போட்டுவிட்டு, ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒற்றைக் குழாய் வைத்திருக்கிறார்கள். மேலே வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். குழாயை வைத்ததும் ஊர்மக்கள் இல்லை, மனைக்கு அனுமதி கொடுத்ததும் ஊர்மக்கள் இல்லை. ஏரிகளைப் பாதுகாக்க, ஆக்கிரமிப்பை அகற்ற 2007ல் வந்த சட்டத்தைச் சொல்லி மனு கொடுத்தோம். மனு பெறப்பட்டது என்று ரசீது வந்தது.

ஊர்க்காரனுக்கு அக்கறை எப்போது வரும் என்று தெரிய வேண்டுமானால் ஹரியானாவில் சுகோமாஜ்ரி இருக்கிறது. சண்டிகர் சுக்னா ஏரியில் மண் சேர்வது எங்கிருந்து என்று தேடிப்போய், 1970களில் அங்கே வேலை தொடங்கினார்கள். சிற்றணையில் தேங்கிய தண்ணீரில் நிலமில்லாத வீட்டுக்கும் பங்கு என்று ஆனது. அதன்பிறகு குன்றில் ஆடுமாடு மேயவிடுவதை ஊர்க்காரர்களே நிறுத்திக்கொண்டார்கள். எங்களுக்குத் தண்ணீரில் பங்கு கேட்கவில்லை, கலிங்கு உயரத்தைச் சொல்லும் பங்காவது கொடுத்திருக்கலாம். நீர்வடிப்பகுதித் திட்டத்தில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 12,000 ரூபாயாக இருந்த ஒதுக்கீடு 2021ல் 22,000 ரூபாய் ஆனது. மகிழ்ச்சி. பலகை இன்னும் பெரிதாக வரும்.

கடைசியாக ஒரு சின்ன உபகாரம். எங்கள் கண்மாயின் பழைய மடையை இடித்துப் புது ஷட்டர் போட்டார்கள். அதைத் திருகுகிற கைப்பிடியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டதாக ஒப்பந்ததாரர் சொல்கிறார். வரவே இல்லை என்கிறார்கள் அலுவலகத்தில். கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதில் மரை தேய்ந்து, ஷட்டர் கால்வாசி திறந்தபடி சிக்கிக்கொண்டது. ராத்திரியும் பகலும் ஒழுகுகிறது. சாக்கில் மண்ணும் வைக்கோலும் திணித்து நாங்கள்தான் (அக்கறை இல்லாதவர்கள்தான்) முறைவைத்து அடைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் கடிதத்துக்குப் பதில் வருவதில்லை. உங்கள் நிருபர் போன் செய்தால் எடுப்பார்கள். அந்தக் கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். நடவுக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
தென்மாவட்டத்து ஆயக்கட்டு விவசாயி ஒருவன்