கமலி பார்த்திருக்கும் வீடு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கமலிக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூட்டு வலி எனக்கும் வந்துவிட்டது. அதை இன்னொரு கடிதத்தில் புலம்பிக்கொள்கிறேன். கமலி வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டை நம்பலாமா என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். வேறு சிலரும் கேட்பதால் முன்பணத்தை இன்றே அனுப்பச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால் நேரில் வரவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது என்று ஒரே ஆள் சொன்னால் நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

கமலியின் தோழி போய் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தாள், வீடு இருக்கிறது என்று நிம்மதியாக எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. ஏமாற்றுகிறவர்கள் பலரும் இல்லாத வீட்டைக் காட்டுவதில்லை. யாரோ விற்பனைக்குப் போட்ட விளம்பரத்தின் படங்களை எடுத்து, வாடகையைக் கொஞ்சம் குறைத்து, தங்கள் கைபேசி எண்ணைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் படங்களை இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பார்க்கச் சொல். வேறு பெயரில், வேறு விலையில் அதே கூடம் கண்ணில் படலாம். சாவி கையில் இருப்பதும் போதாது. சில நாட்களுக்கென்று ஒரு வீட்டை எடுத்து, உரிமையாளர் போல நின்று பலரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள் உண்டு. குடியிருப்பவரே உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுவதும் உண்டு. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே கமலி வெளியேற வேண்டியிருக்கும்.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது, மனு போட்டவர் கொண்டுவரும் பத்திர நகலை நம்பி யாரும் கையெழுத்துப் போட மாட்டோம். பதிவு அலுவலகத்தில் நாங்களே நகல் வாங்குவோம். காகிதம் அவர் கை வழியாக வரக்கூடாது, அவ்வளவுதான் சங்கதி. பல ஊர்களில் நிலப் பதிவேட்டைச் சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் இருக்கும் பெயரும், சொத்துவரி ரசீதில் இருக்கும் பெயரும், வாடகைக்கு விடுகிறவரின் அடையாள அட்டையும், பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கும் ஒருவரையே காட்ட வேண்டும். “இது என் மைத்துனன் கணக்கு” என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்.

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் சார்பில் வேறொருவர் கையெழுத்திடுவதானால் அதிகாரப் பத்திரம் கேட்க வேண்டும். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்களே அதிகம். வாடகைக்கு விடவும், வாடகையை வாங்கவும் அதில் அதிகாரம் தரப்பட்டிருக்கிறதா, அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று உள்ளே படிக்க வேண்டும். உரிமையாளரை ஒருமுறை வீடியோ அழைப்பில் பார்த்துப் பேசிவிடுவதும் நல்லது. பரம்பரை வீடாக இருந்தால் மற்ற பங்குதாரர்கள் யார் என்று கேள். அடமானம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடு. உரிமையாளர் உண்மையானவராகவே இருந்து, கடன் தவணை கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனாலும் அவதிப்படுவது குடியிருப்பவர்தான்.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. “இது இன்னாருடைய வீடுதானே?” என்று கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் தலையாட்டிவிடுவார்கள். பெயரை நாம் சொல்லக்கூடாது. “இது யாருடைய வீடு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், பெயர் தானாக வரும். முன்பு குடியிருந்தவர் ஏன் போனார், முன்பணம் திரும்பக் கிடைத்ததா என்பதும் கூடவே வந்துவிடும்.

இவ்வளவு கேட்டால் அவர் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று நீ தயங்குவாய், உன்னை எனக்குத் தெரியாதா? கமலியின் வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் அவர் முதல் நாளே கேட்டுவிட்டாரே, அவர் தயங்கினாரா? நிஜமான வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தாலும் காகிதத்தைக் காட்டிவிடுவார். வீட்டின் உள்ளே போய்ப் பார்க்கும்வரை அடையாள அட்டை நகலையும் அனுப்ப வேண்டாம். பிறகு அனுப்பும்போது எதற்காகத் தரப்பட்டது என்று அதன் மேலேயே எழுதிவிடச் சொல். பணம் வங்கி வழியாக, ரசீதோடு போகட்டும். பரிசு அட்டை, கிரிப்டோ என்று யாராவது பேசினால் பதிலே வேண்டாம். ஒருவேளை ஏற்கெனவே அனுப்பிவிட்டாள் என்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே. முதலில் வங்கிக்கும், அடுத்து காவல்துறைக்கும் சொல்.

அனுப்பவில்லை என்றால், அந்த ஆள் கொடுத்த பத்திர நகலையும் விளம்பரத்தையும் எனக்கு அனுப்பி வைக்கச் சொல். பத்திரம் படித்து நாளாகிவிட்டது, கை பரபரக்கிறது.

அன்புடன்,
ராகவன்