2024–25 ஆண்டறிக்கை: மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஆய்வு வட்டம், வேலூர்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் உறுப்பினர்களின் ஆய்வு ஆர்வம் பல திசையில் போகிறது. உயிர்வேதியியல் துறைக்கு நீரிழிவு, குழந்தை மருத்துவத்துக்கு வயிற்றுப்போக்கு. ஆனாலும் இவ்வாண்டுக் கூட்டங்களைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது சிறு உண்ணிப் பூச்சியின் கடியால் பரவும் பாக்டீரியாக் காய்ச்சலான ஸ்க்ரப் டைஃபஸ்தான். மழை ஓய்ந்ததும் குடியாத்தம், பலமநேர், சித்தூர் பக்கத்துக் காய்ச்சல்காரர்கள் வந்து சேரும் ஊரில் வேறெதைப் பேசுவது?

தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வு 2023-இல் வெளியானது. மரணம், 7-ஆம் நாளில் நீடிக்கும் சிக்கல், 5-ஆம் நாளில் தணியாத காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணிய கூட்டு விளைவு, இரு மருந்தும் பெற்றவர்களிடம் 33 சதவீதம். டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களிடம் 47, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களிடம் 48. 28 நாள் இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே "கூட்டு மருந்து உயிரிழப்பைக் குறைத்தது" என்று முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டில் எழுதினால் வழிகாட்டிகள் அடித்துவிட வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பல ஆய்வுகள் கெடுகின்றன. பூச்சி கடித்த இடத்துக் கறுத்த பொருக்கு வலிக்காது. நோயாளி தானாகச் சொல்லமாட்டார். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, காதுக்குப் பின்புறம் எல்லாம் திரை போட்டுப் பார்க்க வேண்டும். பொருக்கு கிடைத்தால், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு இரத்தத்தைவிட அதுவே மேல். இரத்தம்தான் என்றால், உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ சேர்த்த குழாய். உறைவைத் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெப்பாரின் பிசிஆர் வினையைத் தடுத்துவிடும். இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐஜிஎம் எலைசா சோதனை முதல் சில நாட்களில் எதிர்மறையாக வரலாம் என்பதால் இரண்டு வாரம் கழித்து இரண்டாவது மாதிரியும் தேவை. பழைய வெய்ல்-பீலிக்ஸ் இரத்தச் சோதனை மலிவு என்பதைத் தவிர அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சீரத்தை ஒரே குப்பியில் நிரப்பி வைத்து ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கி உறைய வைப்பது இன்னும் நடக்கிறது. அரை மில்லியாகப் பிரித்து வையுங்கள். சாதாரணக் காகித ஒட்டி உறைபெட்டியின் மைனஸ் 80 டிகிரியில் உரிந்துவிடும். பெயரில்லாத குப்பி குப்பைக்குத்தான்.

ஒப்புதல் படிவம் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. தெலுங்குப் படிவம் பேச்சு வழக்கை ஒட்டி இருக்க வேண்டும். வேறொருவர் அதை மீண்டும் தமிழாக்கிச் சரிபார்க்க வேண்டும். கைரேகை வைப்பவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி தேவை. ஆய்வுக் குழுவின் செவிலியரே சாட்சிக் கையெழுத்திட்டால் நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பும், அனுப்பவும் வேண்டும். மருத்துவச் சோதனைகளுக்கு முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவு கிடையாது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்கள் கவனிக்கவும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினாலும், உறைபெட்டியின் சுவிட்ச் விழுந்தபடியே இருந்தால் மறுநாள் காலைவரை யாருக்கும் தெரிவதில்லை. வெப்பநிலை ஏறினால் பணியிலிருப்பவரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைப் பொது உறைபெட்டிக்கு வாங்கவும், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கைபேசி யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவும் இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்