மூலிகைகளை மருத்துவர்கள் தயாரிக்கும் முறையிலேயே மலேரியா ஒட்டுண்ணி மீது சோதிக்க விதி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்: மலேரியா ஒட்டுண்ணி வளர்ப்பு ஆய்வகப் பணியாளர்

பெறுநர்: இயக்குநர் அவர்கள், பாரம்பரிய மருத்துவ ஆராய்ச்சித் துறை

பொருள்: மூலிகைச் சோதனைக்கான நிதி விதிகளில் திருத்தம் வேண்டுதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் மூலிகைகள் மலேரியா ஒட்டுண்ணியை அடக்குகின்றனவா என்று பார்ப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. எந்தச் செடி வந்தாலும் நாங்கள் செய்வது ஒன்றுதான். இலையை உலர்த்திப் பொடித்து, மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து அரக்கு போல ஒட்டும் சாரத்தை எடுத்துக்கொள்கிறோம். ஒட்டுண்ணி வளரும் சிவப்பணுக்களில் அதைச் சேர்த்து, தட்டுகளை ஜாடிக்குள் அடுக்கி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி மூடுகிறோம். ஆக்சிஜன் குறைந்து சுடர் அணைந்ததும் ஜாடி 37 டிகிரி வெப்பத்துக்குப் போகிறது. 1970களில் டிரேகர், ஜென்சன் என்ற விஞ்ஞானிகள் வகுத்த வழி இது, இன்றும் கைகொடுக்கிறது. ஒட்டுண்ணி குறையவில்லை என்றால் பதிவேட்டில் 'பயனில்லை' என்று எழுதுகிறோம். அந்தச் செடியின் கதை அத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்தச் செடியை மருந்தாகக் கொடுப்பவர் மெத்தனாலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். பச்சிலையை இடித்துப் பிழிந்திருப்பார். இல்லையென்றால் எட்டுக்கு ஒன்றாக வற்றக் காய்ச்சியிருப்பார். 'பயனில்லை' என்று நாங்கள் எழுதியது அவருடைய மருந்தைப் பற்றி அல்ல, நாங்களே தயாரித்த வேறொன்றைப் பற்றி.

தயாரிப்பு முறையால் முடிவு தலைகீழாக மாறும் என்பதற்கு, சிங்காவ் என்ற செடியிலிருந்து கிடைத்த மலேரியா மருந்தான ஆர்டிமிசினினே சாட்சி. சீன விஞ்ஞானி டூ யூயூ அந்தச் செடியைச் சோதித்தபோது முதலில் கிடைத்த முடிவுகள் நிலையாக இல்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங், அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தார், காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று டூ யூயூவுக்குச் சந்தேகம் எழுந்தது. குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு சாரம் எடுத்தார். 1971இல் அந்தச் சாரம் எலிகளின் மலேரியாவை முற்றிலும் அடக்கியது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கரைப்பானை மாற்றியது உண்மைதான். ஆனால் எதை மாற்ற வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது பழைய செய்முறைக் குறிப்பு.

எனவே, மெத்தனால் சாரத்தோடு மருத்துவர் செய்யும் அதே கஷாயத்தையும் பச்சைச் சாற்றையும் அருகருகே சோதிக்க வேண்டும் என்பதை நிதி வழங்கும் நிபந்தனையாகவே ஆக்க வேண்டுகிறேன். பறித்த பருவம், செடியின் பாகம், ஊறிய நேரம், எந்த வகைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார் என்பவை பதிவாக வேண்டும். காய்ச்சலைத் தணிக்கும் மூலிகை ஒட்டுண்ணியைத் தொடாமலே போகலாம்.

ஒவ்வொரு செடிக்கும் உலர்த்தி ஒட்டிய மாதிரி ஒன்று காப்பகத்தில் இருப்பதும் அவசியம். நிலவேம்பும் சிறியாநங்கையும் ஒன்றே என்பவர்களும் உண்டு, இல்லவே இல்லை என்று சாதிப்பவர்களும் உண்டு. வெறும் பெயரை நம்பி ஆய்வு செய்ய முடியாது. மனித உயிரணுக்களின் மீதான நச்சுச் சோதனையையும் கட்டாயமாக்குங்கள். தட்டில் ஒட்டுண்ணியைக் கொல்வது பெரிய சாமர்த்தியம் அல்ல, சோப்பு நீரும் கொல்லும். 'பயனில்லை' என்று வந்த முடிவுகளும் வெளியாக வேண்டும். செய்முறையைச் சொன்ன மருத்துவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் பலனில் அவருக்கு உரிய பங்கும் விதியில் இடம்பெற வேண்டும்.

மலேரியா உறுதியான நோயாளிக்கு மாத்திரைக்குப் பதிலாக மூலிகையைக் கொடுக்க இந்த மனு அனுமதி கேட்கவில்லை. பால்சிபாரம் வகை மலேரியாவில் சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனாலும் உயிருக்கு ஆபத்து.

எங்கள் பதிவேட்டில் 'பயனில்லை' என்று முடிந்த பக்கங்களின் நகல்களை இணைத்துள்ளேன். செடியின் பெயர், கரைப்பான், அளவு, முடிவு என்று நான்கு கட்டங்கள் இருக்கும். மருத்துவரின் தயாரிப்பு முறைக்குக் கட்டமே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வகப் பணியாளர்