சுவருக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மேற்கு ஃபிலடெல்ஃபியாவில், ஊரின் நடனக் கலைஞர்களைக் காட்டும் எங்கள் தெருமுனைச் சுவரோவியம் ஒருவழியாக முடிந்தது. சாரத்தையும் பிரித்துவிட்டார்கள். நீங்கள் வண்ணம் தீட்டிய துண்டு எது என்று வந்து கண்டுபிடியுங்கள், பார்ப்போம்.

உதிர்ந்த பூச்சைத் தன் செலவிலேயே சரிசெய்து சுவரைத் தந்த கட்டட உரிமையாளருக்கு முதல் நன்றி.

அடுத்த நன்றி தெருவின் மூத்தவர்களுக்கு. அவர்கள் இல்லையென்றால் வேறு ஓவியம்தான் வந்திருக்கும். முதல் வரைபடத்தில் ஜூடித் ஜேமிசன் மட்டுமே இருந்தார். இந்த ஊரில் பிறந்து, நியூயார்க்கில் ஆல்வின் எய்லி நடனக் குழுவின் நட்சத்திரமாகி, 1989 முதல் 2011 வரை அதை வழிநடத்தியவர். அவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "சரி, இங்கேயே இருந்து நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எங்கே?" என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாலே நடனப் பள்ளிகள் கதவைத் திறக்காத காலத்தில் வளர்ந்து, 1960இல் தானே ஒரு நடனப் பள்ளியையும், 1970இல் ஃபிலடான்கோ நடனக் குழுவையும் தொடங்கிய ஜோன் மையர்ஸ் பிரவுன் அப்படித்தான் சுவரின் நடுவுக்கு வந்தார். பக்கத்தில் லவான் ராபின்சன். காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டாப் நடனத்தைத் தெருமுனைகளில் ஆடிக் கற்று, பின்னாளில் கல்லூரியில் அதையே கற்பித்தவர். அவருடைய பாதத்தை நாங்கள் வரைந்த விதத்தைப் பார்த்து ஒரு தாத்தா சிரித்தேவிட்டார். "குதிகால் இப்படி இருந்தால் சத்தம் எங்கிருந்து வரும்?" என்று நடைபாதையிலேயே தட்டிக் காட்டினார். பாதத்தை மாற்றி வரைந்தோம்.

அப்புறம், தமிழ்ப் பள்ளி முடிந்த கையோடு பிள்ளைகளைக் கூட்டிவந்த உங்களுக்கு. இந்த ஊரில் பெரிய சுவரோவியங்களை மெல்லிய துணிச் சதுரங்களில் தீட்டி, பிறகு பசையால் சுவரில் ஒட்டுகிறார்கள். மேசையில் உட்கார்ந்து, துணியில் குறித்திருக்கும் எண்ணுக்கேற்ற வண்ணத்தை நிரப்பினால் போதும் என்பதால் ஏழு வயதுக்காரர்களும் எழுபது வயதுக்காரர்களும் ஒன்றாக வேலை செய்ய முடிந்தது. இது இந்தத் தெரு மக்களுடைய கதை, அவர்களுடைய சுவர்; நாம் தூரிகை பிடிக்கப் போனவர்கள். அந்த அடக்கத்தோடு நீங்கள் நடந்துகொண்டது எனக்குப் பெருமை. எலுமிச்சை சாதம் கொண்டுவந்தவருக்குத் தனி நன்றி. இன்னும் கேட்கிறார்கள்!

திறப்பு நாளில் டாப் ஆடப் போகிறார்கள். சிமென்ட் தரையில் ஆடினால் முழங்கால் போய்விடும். மரப்பலகை மேடை வேண்டும். தச்சு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.