அரையாண்டு நிறைவும் வீட்டுக் கணினியும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். மழை விடுமுறையில் விடுபட்ட பாடங்களைச் சனிக்கிழமைகளில் நடத்தி முடித்துவிட்டோம். விளையாட்டு விழாவிலும் இலக்கிய மன்றப் போட்டிகளிலும் பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள்; பரிசு பெற்ற அனைவருக்கும் வாழ்த்துகள். சம்பா அறுவடை வேலைகளுக்கு நடுவிலும் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி.

இனி, இக்கடிதம் எழுதுவதற்கான முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் நம் கணினி ஆய்வகத்தில் மூன்று கணினிகளை வைரஸ் தாக்கியது. பிளஸ் டூ பிள்ளைகளின் செய்முறைக் கோப்புகள் திறக்கவில்லை. வீட்டிலிருந்து வந்த பென்டிரைவ்கள்தான் அதைக் கொண்டுவந்தன. செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்த வகை வைரஸ் எதையும் அழிப்பதில்லை, மறைக்கிறது. பென்டிரைவைத் திறந்தால் பிள்ளையின் ஃபோல்டர் அதே பெயரில்தான் இருக்கும். ஐகானின் இடது கீழ்மூலையை உற்றுப் பாருங்கள்: சின்னதாக ஓர் அம்புக்குறி தெரியும். பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் ‘ஷார்ட்கட்’ (வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழி) என்றும், அளவு ஒன்றிரண்டு கேபி என்றும் காட்டும். அதைச் சொடுக்கியதும் முதலில் வைரஸ் ஓடுகிறது, பிறகு உண்மையான ஃபோல்டர் திறக்கிறது. தொடக்கத்தில் எல்லாம் சரியாகத் திறப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அதன்பின் அந்தக் கணினியில் செருகும் ஒவ்வொரு பென்டிரைவுக்கும் அது தொற்றும். வயலில் புகையான் பூச்சி இருப்பது பயிரை விலக்கித் தூரைப் பார்த்தால்தான் தெரியும், இதுவும் அப்படித்தான்.

பதறிப்போய் பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்; பிள்ளையின் உழைப்பும் சேர்ந்து போய்விடும். முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’, அதில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ என்று போய் முதலில் ஃபுல் ஸ்கேன் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், நடுவில் நிறுத்தாதீர்கள். பிறகு அங்கேயே உள்ள ஆஃப்லைன் ஸ்கேன். கணினி தானே அணைந்து எழும், சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் முழுதாக எழுமுன்பே தேடுவதால் ஒளிந்திருக்கும் வைரஸும் இதில் சிக்கும்.

அடுத்து பென்டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, ‘ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதில் உள்ள டிக்கையும் எடுத்தால் உண்மையான ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். பிள்ளையின் கோப்புகளை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, அதன்பின் ஃபார்மட் செய்யுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. கணினியைச் சுத்தம் செய்யாமல் பென்டிரைவை மட்டும் சரிசெய்தால், மறுபடி செருகிய உடனே பழைய கதைதான்.

வைரஸ் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் கிராக் செய்த (காசு கட்டாமல் பயன்படுத்தப் பூட்டை உடைத்த) மென்பொருள், கேம்ஸ் வழியாக. ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்று எங்கே எழுதியிருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாடத்துக்கு ஆவணங்கள் தயாரிக்கும் லிப்ரே ஆஃபீஸ் மென்பொருள் போதும், அது இலவசம். தமிழில் தட்டச்சு செய்யும் வசதி விண்டோஸிலேயே உண்டு. பிள்ளைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் (எதையும் நிறுவும் உரிமையுள்ள கணக்கு) அல்லாத ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்குங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும்.

பல வீடுகளில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு தந்த விலையில்லா மடிக்கணினிதான் இன்றும் ஓடுகிறது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடனும் நின்றுவிட்டன. அப்டேட் வராத கணினியைப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வங்கி வேலைக்கு வேண்டாம். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸைத் தடுக்கும் அப்டேட், இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வந்துவிட்டது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின.

வைரஸ் வந்தது உறுதியானால் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் திருடு போயிருக்கலாம் என்பதால், சுத்தமான வேறொரு கருவியிலிருந்து அவற்றை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். கல்யாணப் பத்திரிகை, பி.எம். கிசான் தவணை என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே (கைபேசியில் செயலியை நிறுவும்) கோப்பு வந்தால், தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்திருந்தாலும் திறக்க வேண்டாம். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், ஏபிகேயாக வராது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோதிக்காத பென்டிரைவைக் கொண்டுவரக் கூடாது என்று நவம்பரிலேயே எல்லா வகுப்புகளிலும் அறிவித்தோம். அதன் பிறகும் ஆசிரியருக்குத் தெரியாமல் செருகியிருக்கிறார்கள். ‘அவசரம், சார் பார்க்குமுன் போட்டுவிடு’ என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பியதாகவும் தெரிகிறது. ஒருவரின் அவசரம் வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்ணில் கைவைக்கிறது. பொங்கல் விடுமுறைக்குப் பின், சோதிக்காமல் செருகப்படும் பென்டிரைவை வாங்கி வைத்துக்கொள்வோம். பெற்றோர் நேரில் வந்தால்தான் திருப்பித் தருவோம்.

இதற்காகப் பிள்ளைகளை அடிக்கவோ திட்டவோ வேண்டாம். பயந்த பிள்ளை அடுத்த முறை மறைக்கும். வைரஸ் பரவ அதுவே வழி. பள்ளி திறந்த முதல் வாரம் முழுவதும் மாலை 4.15 முதல் 5 மணி வரை ஆய்வகத்தில் பென்டிரைவ், மடிக்கணினி இரண்டையும் கட்டணமின்றிச் சோதித்துத் தருவோம். சார்ஜரையும் கொடுத்தனுப்புங்கள், பாதியில் அணைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரிண்ட் எடுக்கக் கடைக்குப் போகும்போது பென்டிரைவுக்குப் பதில் கோப்பைக் கடைக்காரரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

பிரச்சினை தெரிந்ததும் வீட்டு மடிக்கணினியைத் தாங்களாகவே கொண்டுவந்து காட்டிய பெற்றோர்களால்தான் வைரஸ் வந்த வழியைக் கண்டுபிடித்தோம். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்